தவக்கால ஒலித்தியானச் செயலி: கேட்க வேண்டியதும் அணைத்துவைக்க வேண்டியதும்

2026 தவக்காலம், அதாவது இயேசுவின் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தைய நோன்புக்காலம் முழுக்க, பிப்ரவரி 18 திருநீற்றுப் புதன் தொடங்கிப் பெரிய வியாழன் மாலை வரைக்கும், காலையில் ஒரு ஒலித்தியானம் தருகிற கைபேசிச் செயலி ஒன்றைச் சந்தா கட்டிக் கேட்டுவந்தேன். பெயர் போடவில்லை. நான் குறையாகச் சொல்லப்போகிற விஷயம் இந்த ஒன்றோடு நிற்பதில்லை, இப்போது வருகிற பக்திச் செயலிகள் பலவும் இதே அச்சில்தான் வருகின்றன. எதை வைத்திருக்கிறவரும் தன்னுடையதில் இது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தியானங்கள் அருமை, குறிப்பாகச் சோதனையைப் பற்றியும் சாட்சியத்தைப் பற்றியும் பேசுகிற நாட்கள். ஆனால் அவற்றைச் சுற்றிக் கட்டியிருக்கிற எண்ணிக்கை, பதக்கம், பகிர்வு அட்டை எல்லாம் அந்தத் தியானங்களுக்கே எதிராக வேலை செய்கின்றன.

அமைப்பு எளிமையானது. அன்றைய நற்செய்தி வாசகம், அதன்பிறகு பத்து நிமிடத்துக்குள் ஒரு சிந்தனை, அப்புறம் இரண்டு நிமிடம் மௌனம், கடைசியில் அன்றைக்குச் செய்ய ஒரு சின்னச் செயல். அந்த மௌனத்துக்காகவே தயாரித்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பல ஒலித்தியானங்களில் பேச்சு நின்றவுடன் பின்னணி இசை ஏறிவந்து, இப்போது உருகு என்று நம்மைத் தள்ளும். இங்கே அது இல்லை. மௌனம் முடிந்ததற்கு அடையாளமாக ஒரு மணி, அவ்வளவுதான். வாசிக்கிறவரும் நடிக்கவில்லை. அலகை, அதாவது சாத்தான், பேசுகிற இடத்தில் குரலைக் கரகரப்பாக்கிப் பயமுறுத்தாமல் சாதாரணமாகவே வாசிக்கிறார். யோசித்தால் அதுதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் சோதனை நமக்கு நன்றாகப் பழகிய, நியாயம் பேசுகிற குரலில்தான் வருகிறது.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு எந்த ஆண்டானாலும் பாலைநிலத்தில் அலகை இயேசுவைச் சோதித்த நிகழ்ச்சிதான் நற்செய்தி. இந்த ஆண்டு மத்தேயு 4-ஆம் அதிகாரம். இதைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருப்போம். பெரும்பாலும் வயிறு, புகழ், அதிகாரம் என்று மூன்றாகப் பிரித்து முடித்துவிடுவார்கள். தவறில்லை, ஆனால் பாதியில் நின்றுவிடுகிற விளக்கம். இந்தச் செயலியின் அன்றைய தியானம் ஓர் அத்தியாயம் பின்னால் போய்த் தொடங்குகிறது. யோர்தானில் திருமுழுக்கு முடிந்ததும் வானிலிருந்து, இவர் என் அன்பார்ந்த மகன் என்று ஒரு குரல் கேட்கிறது. அதற்கு அடுத்தாற்போலவே பாலைநிலத்தில் முதல் கேள்வி: நீர் இறைமகன் என்றால் இந்தக் கற்களை அப்பமாக்கலாமே? அப்பம் தின்பது பாவமில்லை. பசித்தவன் சாப்பிடலாம், பின்னால் இதே இயேசு ஐயாயிரம் பேருக்கு அப்பம் பெருக்கியும் கொடுக்கிறார். தந்தை சொன்னது போதாது, நீயே நிரூபித்துக் காட்டு என்கிற அந்த நெருக்கடிதான் சோதனை. இந்த இடத்தில் தியானம் கேட்பவரைப் பார்த்துத் திரும்புகிறது: உன்னை யார் என்று கடவுள் சொல்லிவிட்ட பிறகும், யாரிடம் போய் எதை நிரூபித்துக்கொண்டிருக்கிறாய்? அன்றைய இரண்டு நிமிடம் எனக்குப் போதவில்லை.

மூன்று சோதனைகளுக்கும் இயேசு சொன்ன பதில்கள் பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூலிலிருந்து வருகின்றன (8:3, 6:16, 6:13), அதுவும் இஸ்ரயேல் மக்கள் 40 ஆண்டு பாலைநிலத்தில் பட்ட பாட்டை மோசே நினைவூட்டுகிற பகுதியிலிருந்து வருகின்றன என்பதையும் பொறுமையாக விளக்குகிறார்கள். மாசா என்ற இடத்தில் தண்ணீர் கேட்டு, ஆண்டவர் நம்மோடு இருக்கிறாரா இல்லையா என்று மக்கள் கடவுளைச் சோதித்த இடத்தில் இயேசு சோதிக்காமல் நிற்கிறார். அப்புறம் லூக்காவையும் தொட்டுக்காட்டுகிறார்கள். அதில் இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறியிருக்கும், முடிவில் அலகை ஏற்ற காலம் வரும்வரை அவரை விட்டு அகன்றது என்று இருக்கும். அந்த ஏற்ற காலம் எப்போது வந்தது என்பதற்கு மத்தேயு 27:40-ஐக் காட்டுகிறார்கள். சிலுவையின் அடியில் நின்றவர்கள் பேசுவது பாலைநிலத்தில் கேட்ட அதே வாக்கியம்தான்: நீ இறைமகன் என்றால் இறங்கி வா. அவர் இறங்கவில்லை. தவக்காலத்தின் முதல் ஞாயிறையும் குருத்து ஞாயிறான பாடுகளின் ஞாயிறையும் ஒரே வாக்கியத்தால் சேர்த்துக் கட்டிய இந்தத் தியானத்துக்காக மட்டுமே சந்தா கட்டலாம்.

இனி செயலியின் முகப்பிலேயே இருக்கும் ஒரு பொத்தானைப் பற்றி. சோதனை நேரம் என்று அதற்குப் பெயர். அழுத்தினால் பயம், கோபம், இச்சை, சோர்வு, பண ஆசை என்று ஒரு பட்டியல் வரும். எது வாட்டுகிறதோ அதைத் தொட்டால் அதற்கேற்ற மறைநூல் வசனம் திரையில் வந்து ஒலிக்கும். யோசனை புதிதல்ல, மிகப் பழையது. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ், மனிதனை அலைக்கழிக்கிற எண்ணங்களை எட்டாகப் பிரித்தார்: பெருந்தீனி, காமம், பண ஆசை, துயரம், கோபம், சோர்வு, வீண்பெருமை, செருக்கு. ஒவ்வொன்றும் தாக்கும்போது திருப்பிச் சொல்ல வேண்டிய வசனங்களையும் தொகுத்து வைத்தார். இயேசு பாலைநிலத்தில் செய்ததைத்தான் அவர் பழக்கமாக்கிக்கொண்டார். அந்த மரபைக் கைபேசிக்குள் கொண்டுவந்தது நல்ல காரியம், நள்ளிரவில் தனியாகப் போராடுகிற ஒருவருக்கு இது நிச்சயம் உதவும்.

ஆனால் இதே இடத்தில் ஒரு பெரிய கவனக்குறைவும் இருக்கிறது. பயம் என்பதைத் தொட்டதும் முதலில் வருவது திருப்பாடல் 91:11-12. உன் கால் கல்லில் மோதாதபடி வானதூதர் உன்னைத் தாங்கிக்கொள்வர் என்கிற அந்த வசனங்கள். கோவிலின் உச்சியில் நிறுத்தி வைத்து, கீழே குதி என்று தூண்டும்போது அலகை இயேசுவிடம் சொன்னது இதே வசனங்களைத்தான்! முதல் ஞாயிறு தியானத்தில் அதை அவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டு, பொத்தானில் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் இதைப் போட்டிருக்கிறார்கள். வசனத்தின் மேல் தப்பில்லை, திருப்பாடல் 91 ஜெபிக்க வேண்டிய பாடல்தான். ஆனால் அது கடவுளை நம்பி அவர் நிழலில் தங்குகிறவரின் பாடல். எனக்கு ஒன்றும் ஆகாது என்ற உத்தரவாதச் சீட்டாக எடுத்துக்கொண்டால் அலகை எடுத்த பொருளில்தான் நாமும் எடுக்கிறோம். இயேசு அதற்கு இன்னொரு வசனத்தால் பதில் சொன்னார், அதாவது ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தோடு வைத்துத்தான் படிக்க வேண்டும். பொத்தானில் இரண்டு வசனங்களைச் சேர்த்துக் கொடுத்தாலே போதும், இந்தக் குறை தீர்ந்துவிடும்.

அந்தப் பட்டியலில் இன்னொன்றும் கவனித்தேன். எவாகிரியுஸின் எட்டில் கடைசி இரண்டும், வீண்பெருமையும் செருக்கும், அங்கே இல்லவே இல்லை. அவை எங்கே போயின என்று தேட வேண்டியதில்லை, செயலியின் மற்றப் பக்கங்களில் உட்கார்ந்திருக்கின்றன.

தியானத்தைக் கேட்டு முடித்ததும் திரை முழுக்கப் பொன்னிறத்தில் ஓர் எண் வரும்: தொடர்ந்து இத்தனை நாட்கள். ஒரு வாரம் விடாமல் கேட்டால் ஒரு பதக்கம். கீழே பகிர் என்று பெரிய பொத்தான். தொட்டால் நம் பெயரோடு, இத்தனையாம் நாள் நோன்பு என்று எழுதிய ஓர் அட்டை தயாராகி எல்லாத் தொடர்புகளுக்கும் போகக் காத்திருக்கும். இதே செயலி திருநீற்றுப் புதன் காலையில் எனக்கு வாசித்துக் காட்டிய நற்செய்தி மத்தேயு 6-ஆம் அதிகாரம். நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய், முகத்தைக் கழுவு, நீ நோன்பு இருப்பது மனிதருக்குத் தெரிய வேண்டாம், மறைவாய் உள்ளதைக் காணும் உன் தந்தைக்குத் தெரிந்தால் போதும். அந்த வாசகம் ஒலித்து முடிந்து, மௌனம் முடிந்து, மணி அடித்த கையோடு பகிர்வு அட்டை வருகிறது. இதை வடிவமைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று நம்புகிறேன். உடற்பயிற்சிக்கும் மொழி கற்கவும் வருகிற செயலிகளில் இருப்பதை அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். ஆனால் ஜெபத்துக்கு அது பொருந்தாது, நோன்புக்குச் சுத்தமாகப் பொருந்தாது, அந்தப் புதன்கிழமையின் வாசகத்துக்கு நேர் எதிரானது. கோவில் உச்சியிலிருந்து எல்லோரும் பார்க்கக் குதி என்று சொன்னதற்கும், உன் நோன்பை எல்லோரும் பார்க்க அனுப்பு என்று சொல்வதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு நாள் விட்டுப்போனால் எண் பூச்சியத்துக்குப் போகும், இரவில் ஓர் அறிவிப்பும் வரும், இன்று ஆண்டவரோடு நேரம் செலவிட மறந்தீர்கள் என்று. நோயாளியோடு இரவெல்லாம் விழித்திருந்தவருக்கும் அதே அறிவிப்புதான் போகும். நோயாளியோடு விழித்திருந்ததை ஆண்டவர் தம்மோடு செலவிட்ட நேரமாகவே எடுத்துக்கொள்கிறார் என்பதற்கு மத்தேயு 25 இருக்கிறது, அது செயலிக்குத் தெரியாது. மனச்சோர்வோடு போராடுகிறவர்களையும், எதைச் செய்தாலும் பாவமோ என்று அஞ்சுகிற நொய்ந்த மனச்சான்று உள்ளவர்களையும் அந்தப் பூச்சியம் என்ன செய்யும் என்று யோசித்தால் எனக்குக் கோபமே வருகிறது.

வீண்பெருமையைப் பற்றி எவாகிரியுஸ் கூர்மையாக ஒன்று சொல்லியிருக்கிறார். மற்ற எண்ணங்கள் எல்லாம் தோற்று விழுந்த பிறகுதான் இது துணிந்து பக்கத்தில் வருமாம், வந்து அந்தத் துறவியின் நற்குணங்களையே பட்டியலிட்டுக் காட்டுமாம். பெரிய வியாழன் அன்று செயலி ஒரு சுருக்க அறிக்கை தருகிறது: கேட்ட மணி நேரம், விட்டுக்கொடுத்தவை, பெற்ற பதக்கங்கள். அதை அப்படியே மூடிவிட்டேன். நீங்களும் மூடிவிடுங்கள்.

நல்ல வேளை, அமைப்புகளுக்குள் போய்த் தேடினால் தொடர் எண்ணிக்கையையும் அறிவிப்பையும் அணைக்க வழி இருக்கிறது. பகிர்வு அட்டையை மட்டும் அணைக்க முடியவில்லை.

நோன்பு விதிகளைச் சொல்கிற பக்கம் சுருக்கமாக, சரியாக இருக்கிறது. 18 வயது முதல் 59 வயது வரை திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழு உணவு), 14 வயதிலிருந்து இறைச்சி தவிர்த்தல், நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு. ஞாயிறுகளில் தியானத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒறுத்தல் செயலை விட்டுவிடுகிறார்கள். திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்புக்கு முந்தைய சனி வரை எண்ணினால் 46 நாள், அதில் 6 ஞாயிறைக் கழித்தால் 40 என்று ஒரு வரியில் காரணமும் சொல்லிவிடுகிறார்கள். குருவிடம் பாவங்களை அறிக்கையிடுகிற அருட்சாதனமான பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாரிக்கிற பகுதியும் நன்று. கேள்விகள் நேராக இருக்கின்றன, எழுதிவைக்கிற குறிப்பு தானாகவே அழிந்துவிடுகிறது, இது அருட்சாதனத்துக்குப் பதில் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்தது சாட்சியம். செயலியின் இரண்டாம் பாதி இதற்குத்தான். மார்ச் 7-ஆம் தேதி பெர்பெத்துவா, பெலிசித்தா. 203-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கிறிஸ்தவ நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்டவர்கள். பெர்பெத்துவாவுக்கு 22 வயது, கைக்குழந்தைக்காரி. மற்றவர் அடிமைப்பெண், சிறையிலேயே பிள்ளை பெற்றவர். பெர்பெத்துவா தன் சிறை நாட்களைத் தானே எழுதிவைத்திருக்கிறார். அதில் சிங்கத்தையும் வாளையும்விட நெஞ்சைப் பிசைகிற இடம் அவருடைய அப்பா வருவதுதான். நரைத்த தலையைப் பார், உன் குழந்தையைப் பார் என்று மகளின் கையை முத்தமிட்டுக் காலில் விழுகிறார். சோதனை அங்கே பகைவன் உருவில் வரவில்லை, பாசத்தின் உருவில் வருகிறது. அதோ இருக்கிற குடத்தைக் குடம் என்றல்லாமல் வேறு பெயரால் சொல்ல முடியுமா, என்னையும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறொன்றாகச் சொல்ல முடியாது என்று அந்த மகள் அப்பாவிடம் சொல்கிறாள். தியானம் அப்பாவைக் கெட்டவராக்கவில்லை. அவருக்காகப் பெர்பெத்துவா வருந்தியதையும் சேர்த்துச் சொல்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு நாள் கழித்து செபாஸ்தேயின் 40 மறைச்சாட்சிகள், அதாவது நம்பிக்கைக்காக உயிர்கொடுத்தவர்கள். கீழைத் திருச்சபைகள் மார்ச் 9 அன்று, பெரும்பாலும் நோன்புக்கு நடுவிலேயே, இவர்களை நினைவுகூர்கின்றன. சுமார் 320-இல், உரோமைப் பேரரசர் லிசினியுஸ் ஆட்சியில், இன்றைய துருக்கியில் இருக்கிற அந்த ஊரில் 40 படைவீரர்களை உறைபனி இரவில் ஆடையில்லாமல் நிறுத்தினார்கள். எதிரில், அவர்கள் கண்ணில் படும்படி, வெந்நீர்க் குளியல் அறையை மூட்டி வைத்தார்கள். யாரும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம், கதவு திறந்தே இருக்கிறது, கிறிஸ்துவை மறுத்துவிட்டு எழுந்து போனால் போதும். ஒருவர் போனார். காவல் நின்ற வீரர் ஒருவர் தன் உடையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போய் நின்றார்.

இதைக் கேட்டபோது எனக்கு, இயேசு பிடிபட்ட இரவில் அவரைத் தெரியாது என்று மறுதலித்த சீடர் பேதுருதான் நினைவுக்கு வந்தார். யோவான் 18-இல் குளிர் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பு மூட்டியிருந்தார்கள், பேதுருவும் நின்று குளிர்காய்ந்தார். வாயிலில் ஒரு பணிப்பெண்ணும், அந்த நெருப்பின் பக்கத்தில் கூட இருந்தவர்களும் கேட்ட கேள்விகளுக்கு, மூன்று முறை இல்லை என்றார். அவரை யாரும் சித்திரவதை செய்யவில்லை. மறுதலிப்பு என்றதும் நமக்கு வாளும் மிரட்டலும் தோன்றுகின்றன, ஆனால் இரண்டு நிகழ்ச்சியிலும் அருகில் இருந்தது வெதுவெதுப்பு. இவ்வளவு பக்கத்தில் வந்தும் செயலி இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை, புனித வாரத்தில் பேதுருவுக்கு ஒதுக்கிய தியானம் அழுகையை மட்டும் பேசி முடிந்துவிடுகிறது. அங்கே இசையும் வேறு வந்துவிடுகிறது. அதுவரை காத்த கட்டுப்பாட்டை ஏன் விட்டார்களோ.

மார்ச் 24 பேராயர் ஆஸ்கர் ரொமேரோ. 1980-இல், அதுவும் ஒரு தவக்காலத் திங்கள்கிழமை, எல் சால்வதோர் நாட்டுத் தலைநகர் சான் சால்வதோரில் ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். முந்தைய நாள் ஞாயிறு மறையுரையில்தான், சொந்த மக்களைக் கொல்லாதீர்கள் என்று படைவீரர்களிடம் மன்றாடியிருந்தார். நல்ல தியானம், கொஞ்சம் அவசரமாக முடிகிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அசைத்தது மார்ச் 15, நான்காம் ஞாயிறு, யோவான் 9. பிறவியிலேயே பார்வையற்றவர் பார்வை பெற்ற நிகழ்ச்சி. வழக்கமாக அற்புதத்தைப் பற்றியே பேசுவார்கள். இந்தத் தியானம் அவரை விசாரிக்கிற காட்சிகளில் நிற்கிறது. அக்கம்பக்கத்தார் கேட்கும்போது அவருக்குத் தெரிந்தது, இயேசு எனப்படும் மனிதர் என்பது மட்டும். பரிசேயர் கேட்கும்போது, அவர் இறைவாக்கினர் என்கிறார். பெற்றோரை அழைக்கிறார்கள், அவர்கள் பயந்துபோய், வயது வந்தவன்தானே, அவனையே கேளுங்கள் என்று கழன்றுகொள்கிறார்கள். மறுபடியும் விசாரணை. அவர் பாவியா இல்லையா எனக்குத் தெரியாது, நான் பார்வையற்றிருந்தேன், இப்போது பார்க்கிறேன், எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான் என்கிறார். இன்னும் நெருக்கும்போது, அவர் கடவுளிடமிருந்து வராவிட்டால் இதைச் செய்திருக்க முடியாது என்கிறார். வெளியே தள்ளப்படுகிறார். தள்ளப்பட்டவரை இயேசு தேடி வருகிறார், அப்போதுதான், நம்பிக்கை கொள்கிறேன் ஆண்டவரே. விசாரணை தொடங்கும்போது அந்த மனிதரிடம் முழு நம்பிக்கை இல்லை. தெரியாததைத் தெரியாது என்றார், தெரிந்ததை விடாமல் பிடித்துக்கொண்டார், ஒவ்வொரு கேள்வியும் அவரை ஒரு படி மேலே ஏற்றியது. எல்லாம் தெரிந்த பிறகு சாட்சி சொல்கிறேன் என்று காத்திருக்கிற நம்மில் பலருக்கும் இந்தப் பத்து நிமிடம் தேவை. நண்பர் ஒருவருக்கு இதை மட்டும் போட்டுக் காட்டினேன், முடிந்ததும் அவர் யோவான் 9-ஐத் தானாகவே எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

குறை என்னவென்றால், மறைச்சாட்சிகளிலிருந்து நம் வாழ்க்கைக்கு இறங்குகிற இடத்தில் படிகள் இல்லை. பெர்பெத்துவாவைப் பற்றிப் பேசிவிட்டு அன்றைய செயல், உங்கள் நம்பிக்கையைத் துணிவோடு ஐந்து பேருக்குப் பகிருங்கள் என்று வருகிறது, தொட்டால் மறுபடியும் அந்த அட்டை. அலுவலகத்தில் பொய்க் கணக்குக்குக் கையெழுத்துக் கேட்கும்போது முடியாது என்பது சாட்சியம். இல்லாத ஒருவரைப் பற்றி எல்லோரும் கேலி பேசும்போது சேராமல் இருப்பது சாட்சியம். நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்று ஒருவர் உண்மையாகவே கேட்கும்போது, 1 பேதுரு 3-இல் சொல்லியிருப்பதுபோலப் பணிவோடும் மரியாதையோடும் விளக்கம் சொல்வது சாட்சியம். இவற்றில் ஒன்றைக்கூட அன்றைய செயலாகக் கொடுக்கவில்லை.

தொழில்நுட்பத்தில் பெரிய புகார் இல்லை. தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடுகிறது, பழைய நாட்களுக்குத் திரும்பிப் போகலாம், தமிழ் உச்சரிப்பு சுத்தம். காது மந்தமானவர்களுக்கு எழுத்து வடிவம் இல்லாதது குறை. முதல் வாரம் இலவசம் என்பதால் முதல் ஞாயிறு தியானத்தைச் சந்தா இல்லாமலே கேட்டுவிடலாம், தயங்குகிறவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும். சேர்ந்த அன்றே அமைப்புகளுக்குப் போய் எண்ணிக்கையையும் இரவு அறிவிப்பையும் அணைத்துவிடுங்கள்; பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், தியானங்களுக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுத்திருப்பேன். திருப்பாடல் 91 பற்றியும் பகிர்வு அட்டை பற்றியும் தயாரிப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த திருநீற்றுப் புதன் 2027 பிப்ரவரி 10. அதற்குள் அந்த அட்டையை எடுத்துவிட்டால் சந்தாவைத் தொடர்வேன்.